ஆள் தேடும் கலை

பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவோரில் பலர் திருப்பலிக் கருத்துக்காகவோ திருமுழுக்குச் சான்றுக்காகவோ வருகின்றவர்கள். ஆனால், தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் வருவோரின் வேண்டுகோள் வேறு. "சாமி, ஓர் இடத்தில் ஆள் எடுக்கிறார்களாம். நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் பையனுக்குக் கிடைத்துவிடும்" என்பர். பையன் என்ன படித்தான், அந்த வேலை எத்தகையது என்று கேட்டால், பெரும்பாலும் விடை வராது. ஆள் எடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். எப்படி எடுக்கிறார்கள், எப்படி எடுக்கவேண்டும் என்பதைப்பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. இம்மாதம் அதைச் சற்றே சிந்திப்போம்.

சொல்லும் பொருளும்

ஆட்சேர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'மீண்டும் வளர்தல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் அது படைக்கு ஆள் சேர்ப்பதையே குறித்தது. வெட்டுண்ட கிளையில் புதுத் துளிர் விடுவதுபோல, ஆள் குறைந்த படை மீண்டும் தழைப்பது என்பது கருத்து. எந்த நிறுவனத்திலும் முதியோர் ஓய்வு பெறுவர், சிலர் விலகிச் செல்வர், பணியும் பெருகும். புது ஆள் வாராவிடில் நிறுவனம் பட்டுப்போகும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் வேண்டும். ஆட்சேர்ப்பு வேறு; தேர்வு வேறு. தகுதியுடையோர் பலரை வாயிலுக்கு வரவழைப்பது முன்னது. வந்தவருள் ஏற்றவரைத் தெரிவது பின்னது. கடலோர மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வலையை வீசுவது ஒரு வேலை. கரையில் அமர்ந்து மீனைப் பிரிப்பது மற்றொரு வேலை. வலையைக் குறுகிய இடத்தில் வீசிவிட்டு, நல்ல மீன் கிடைக்கவில்லை என்று கடலை நொந்துகொள்வதில் பயனில்லை.

ஆகவே, செம்மையான நிறுவனம் முதலில் 'என்ன பணி?' என்று கேட்கும். அதன்பின் 'அதற்கு என்ன தகுதி வேண்டும்?' என்று வரையறுக்கும். உள்ளே இருப்பவர்களில் உயர்வுக்குரியவர் உளரா என்று பார்க்கும். இல்லையேல் நாளிதழ், வேலைவாய்ப்பு அலுவலகம், கல்லூரி, இணையம் ஆகியவற்றின் வாயிலாக எல்லாரும் அறியச் செய்யும். எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்தும். சேர்ந்தவரையும் தகுதிகாண் பருவத்தில் வைத்துப் பார்க்கும். வள்ளுவரும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களையே இதற்கென ஒதுக்கினார்.

கங்காணி காட்டிய வழி

தமிழராகிய நமக்கு ஆட்சேர்ப்பின் இருண்ட பக்கமும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் சிற்றூர்களிலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் சென்றனர். அவர்களைத் திரட்டியவர் கங்காணி. கண்காணிப்பவர் என்பதே அச்சொல்லின் பொருள்.

கங்காணி அயலார் அல்லர். பெரும்பாலும் அதே ஊரார், அதே உறவினர். தோட்டத்தில் முன்பணம் பெற்று ஊருக்கு வருவார். அக்கம்பக்கத்தாரிடம் தோட்ட வாழ்வைப் புகழ்வார். பஞ்சத்திலும் கடனிலும் வாடிய குடும்பம் அவரை நம்பிப் புறப்படும். வழிச்செலவும் உணவுச் செலவும் அக்குடும்பத்தின் பெயரில் கடனாக எழுதப்படும். அங்கே போய் இறங்கும்போதே தொழிலாளி கடனாளி. இலங்கையில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இவ்வளவு கடனைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிக்கலாம் என்று தோட்ட நிர்வாகி எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அச்சீட்டோடு கடனும் தோட்டத்திற்குத் தோட்டம் தொடர்ந்தது. 1921-ஆம் ஆண்டில்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்திய அரசு 1938-இல் மலாயாவிற்கும் 1939-இல் இலங்கைக்கும் இத்தகைய தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்தது.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? தெரிந்தவர், சொந்தக்காரர் வழியாக ஆள் எடுப்பது எளிது, செலவு குறைவு, நம்பிக்கையும் உண்டு. ஆனால், அழைத்து வருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஆதாயம் கிடைக்கும்போது, உறவே கண்ணியாகிவிடுகிறது. வேலையைப்பற்றிய உண்மையைச் சொல்வாரும் இல்லாமற்போகின்றனர்.

தேர்வுத்தாள் வந்த வரலாறு

மேல்நிலைப் பதவிகளின் கதையும் பரிந்துரையில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பணிகளுக்கு அதன் இயக்குநர்கள் தாம் விரும்பிய இளைஞர்களையே முன்மொழிந்து வந்தனர். மெக்காலே தலைமையிலான குழு 1854-இல் அளித்த அறிக்கையின்படி, 1855-இல் இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கிற்று. 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் அதில் வென்ற முதல் இந்தியரானார். இந்தியாவிலும் அத்தேர்வு நடைபெற 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவு திறந்தது என்று சொன்னால் போதுமா? கதவு கடலுக்கு அப்பால் இருந்தால் ஏழை எவ்வாறு நுழைவான்?

மாநிலங்களில் முதன்முதலாகத் தேர்வாணையம் அமைத்த பெருமை சென்னைக்கு உரியது, ஆண்டு 1929. பின்னர் நம் அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு, அரசுப் பணியில் அனைவர்க்கும் சமவாய்ப்பு என்பதை உரிமையாகவே ஆக்கியது.

நான் எழுதிய ஒரு கடிதம்

பிறரைப்பற்றி எழுதிய நான் என்னைப்பற்றியும் எழுதவேண்டும். சில ஆண்டுகளுக்குமுன், ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்ற செய்தி என் காதுக்கு எட்டியது. பங்கு வேலைகளில் எனக்குப் பெருந்துணையாயிருந்த ஒருவர் தம் மகனுக்காகக் கேட்டார். மறுக்க மனமில்லை, 'மிகவும் ஏற்றவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கணக்கு வருமா என்று நான் கேட்கவே இல்லை. வேலை கிடைத்தது. மூன்றே மாதத்தில், மனம் ஒட்டாமல் அவர் விலகிவிட்டார். நிறுவனத்திற்கு இழப்பு, அவருக்கோ தோல்வியுணர்வு.

பின்னர்தான் ஒன்றை அறிந்தேன். எங்கள் கோவிலுக்கு நாள்தோறும் வரும் கைம்பெண் ஒருவரின் மகள், வணிகவியல் படித்து, வீட்டில் இருந்தாள். "நீ ஏனம்மா என்னிடம் வரவில்லை?" என்றேன். "இப்படி ஒரு வேலை இருப்பதே எங்களுக்குத் தெரியாது, சாமி. தெரிந்திருந்தாலும், எனக்கென்று கேட்க யார் இருக்கிறார்கள்?" என்றாள். அச்சொல் என்னைச் சுட்டது. நான் ஒருவனுக்கு உதவியதாக எண்ணியிருந்தேன். உண்மையில், ஒருத்தியின் முன் கதவைச் சாத்தியிருந்தேன், அதுவும் அறியாமலே.

எழுவரைத் தெரிந்த முறை

தொடக்கத் திருச்சபையிலும் கைம்பெண்களைப்பற்றிய ஒரு முறையீடு எழுந்ததைத் திருத்தூதர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. திருத்தூதர்கள் தங்களுக்கு வேண்டியவர் எவரையும் நியமிக்கவில்லை. பணி இன்னது என்றனர்; தகுதி இன்னது என்றனர்; தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சமூகத்திடம் விட்டனர்; அதன்பின் கைகளை வைத்துப் பணியில் அமர்த்தினர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாய் இருப்பது கருதத்தக்கது. முறையிட்ட பக்கத்தாரையே பொறுப்பில் வைத்தனர் போலும்! இதனினும் சிறந்த ஆட்சேர்ப்பு உண்டோ?

நம் இல்லங்களுக்கு

பெற்றோர்களே, வெளிநாட்டு வேலை என்று எவரேனும் பணம் கேட்டால், அவர் உறவினரேயாயினும் உடனே நகையை அடகு வைக்காதீர்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஆட்சேர்ப்பு முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்கிறது. பதிவெண்ணைக் கேளுங்கள், அரசின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை, ஊதியம், காலம் ஆகியவை எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். சுற்றுலா நுழைவிசைவில் அனுப்பி, அங்கே போய் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர்கள். கங்காணியின் துண்டு இன்று வேறு பெயரில் வரக்கூடும்.

நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம்; சங்கங்களை நடத்துகிறோம். நாமும் ஆள் சேர்ப்பவர்களே. வேலை உண்டு என்பதை நாலு பேரிடம் மட்டும் சொல்லாமல், நாற்பது பேர் அறியச் சொல்வோம்.

இப்போது என் காதுக்கு எட்டும் வேலைச் செய்தி எதுவாயினும், ஞாயிறு திருப்பலிக்குப்பின் அறிவிக்கப்படும். கோவில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். கடிதம் கேட்போருக்கு நான் அறிந்ததை மட்டுமே எழுதுகிறேன். சிலருக்கு என்மீது வருத்தமுண்டு. ஆயினும், அந்தப் பெண் தேர்வாணையத் தேர்வு எழுதி, எவருடைய கடிதமுமின்றி, இன்று அரசு அலுவலகமொன்றில் பணிபுரிகிறாள். அவளைக் காணும்போதெல்லாம், நான் எழுதாத அக்கடிதம் எனக்கு நினைவு வருகிறது.