மெதுவாப் போங்க, திமிங்கலம் இருக்கு!

பெரிய பயணக் கப்பல் ஒன்று ஆக்லாந்து துறைமுகத்துக்கு வருகிறது. அதில் வந்தவர்கள் ஒரு நாள் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். சிலர் கடைத்தெருவுக்குப் போவார்கள். சிலர் சின்னப் படகில் ஏறி, மறுபடியும் கடலுக்கே போவார்கள். எதுக்குத் தெரியுமா? திமிங்கலம் பார்க்கத்தான்!

ஆக்லாந்துக்குப் பக்கத்தில் ஹவுராக்கி வளைகுடா இருக்கிறது. அங்கே புரூடா திமிங்கலங்களை வருடம் முழுவதும் பார்க்கலாம். குளிர்காலத்திலும் அவை அங்கே இருக்கும். நியூசிலாந்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம். அதனால் ஸ்வெட்டர், தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டுப் படகில் ஏறுங்க!

திமிங்கலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வானத்தைப் பாருங்க. கன்னெட் என்ற வெள்ளைக் கடற்பறவைகள் அம்பு மாதிரி தண்ணீரில் பாய்கின்றனவா? அப்படின்னா அங்கே மீன் கூட்டம் இருக்கு. மீனைத் தேடி டால்பின்கள் வரும். திமிங்கலமும் வரலாம்.

"புஸ்ஸ்ஸ்!" அது என்ன சத்தம்? திமிங்கலம் மூச்சு விடுகிறது. திமிங்கலம் மீன் இல்லை. நம்மைப் போலக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. புரூடா திமிங்கலம் 15 மீட்டர் வரை வளரும். ஒரு பஸ்ஸைவிட நீளம்! ஆனால் அது தின்பதோ சின்ன மீன்களையும், கடலில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களையும்தான்.

இந்தத் திமிங்கலங்களுக்கு ஓர் ஆபத்து இருந்தது. அவை பெரும்பாலும் கடலின் மேல்மட்டத்திலேயே, 12 மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும். பெரிய கப்பல்கள் வேகமாக வந்தால், அவற்றின் மேல் மோதிவிடும். 2013க்கு முன்பு, ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு திமிங்கலங்கள் இங்கே இறந்து கிடந்தன. சோதித்துப் பார்த்ததில், பெரும்பாலானவை கப்பல் மோதி இறந்தவை. இங்கே வாழும் புரூடா திமிங்கலங்களோ மிகக் குறைவு. இரண்டு போனாலும் பெரிய இழப்புதான்.

2013இல் விஞ்ஞானிகளும் துறைமுகத்தாரும் கப்பல்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். "வளைகுடாவில் மெதுவாப் போவோம்" என்று முடிவு செய்தார்கள். மணிக்கு 10 கடல் மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் வேகம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களே ஒத்துக்கொண்டார்கள். 2014க்குப் பிறகு பல ஆண்டுகள், கப்பல் மோதி ஒரு திமிங்கலம்கூட இறந்ததாகத் தெரியவில்லை.

சின்னப் படகுக்கும் சட்டம் உண்டு:

• திமிங்கலத்துக்கு 300 மீட்டர் தூரத்தில் வந்ததும், வேகத்தைக் குறைக்கணும்.
• 50 மீட்டரைவிடக் கிட்டே போகக் கூடாது.
• குட்டியோடு இருந்தால், 200 மீட்டர் தள்ளியே நிற்கணும்.
• ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் நெருங்கக் கூடாது.

திமிங்கலத்தின் வீட்டுக்கு நாம் விருந்தாளிகளாகப் போகிறோம். விருந்தாளி ஓடிப்போய் மோதலாமா? மெதுவாப் போங்க, பொறுமையா இருங்க. அதுவே உங்களுக்கு முகம் காட்டலாம்!

பேசுவோம்

1. பறவைகளைப் பார்த்தால், மீன் இருக்கும் இடம் எப்படித் தெரியும்?
2. கப்பல்கள் ஏன் வேகத்தைக் குறைத்தன?
3. நீங்கள் வாழும் ஊரில், எந்த விலங்குக்காக வண்டிகள் மெதுவாகப் போகணும்?