இரவில் நேராக நின்ற எஸ்யூவி காலையில் சாய்ந்து கிடக்கிறதா? ஏர் சஸ்பென்ஷன் கோளாறை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

ராத்திரி சமமாக நிறுத்திய வண்டி, காலையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெல்ல எழுகிறது. மறுநாள் மறுபடியும் அதே கதை. சில வாரங்களில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர் போன்ற வண்டிகளை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பலருக்கு இது பழகிய தலைவலி.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்" என்ற பதில்தான் பல நேரம் முதலில் வரும். உண்மையில் கம்ப்ரசர் போயிருக்கலாம். ஆனால் அது ஏன் போனது? எங்கோ கசியும் காற்றை ஈடுகட்ட ஓடி ஓடியே தேய்ந்திருக்கலாம். கசிவை அடைக்காமல் புது கம்ப்ரசர் போட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும். செலவு இரண்டு மடங்கு.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதற்கு ஒரு அளவு டேப்பும் சோப்புத் தண்ணீரும் போதும். டிஸ்கவரி 3 (2004), டிஸ்கவரி 4 (2009) வண்டிகளை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

ஏர் சஸ்பென்ஷன் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண வண்டியில் எடையைத் தாங்குவது இரும்புச் சுருள் ஸ்பிரிங். இதில் அந்த வேலையைக் காற்று அடைத்த ரப்பர் பை செய்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிப் பை. கம்ப்ரசர் காற்றை அழுத்தி ஒரு சிறிய டாங்கில் சேமிக்கும். வால்வு பிளாக், எந்தப் பைக்குக் காற்று போக வேண்டும் என்று வழிவிடும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள ஹைட் சென்சார் உயரத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

கரடுமுரடான பாதையில் வண்டியை உயர்த்தலாம், ஏறி இறங்கும்போது தாழ்த்தலாம். வசதிதான். ஆனால் ரப்பருக்கும் குழாய் இணைப்புகளுக்கும் வயதாகும். தூசும் மழைக்காலச் சேறும் அதை வேகப்படுத்தும்.

முதல் சோதனை: எந்த மூலை இறங்குகிறது?

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து, மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மறுபடியும் அளந்தால் தெரிந்துவிடும்தானே?

அங்கேதான் ஒரு சிக்கல். நிறுத்திய பிறகும் இந்த வண்டியின் கம்ப்யூட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும். ஒரு மூலை இறங்கியிருந்தால், மற்ற மூன்றிலும் காற்றை வெளியேற்றி வண்டியைச் சமமாக்கும். ஓட்டை ஒரே இடத்தில் இருந்தாலும், முழு வண்டியும் இறங்கியதுபோல் தோன்றும்.

அதனால் அளந்து முடித்ததும் சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். எந்த ஃபியூஸ் என்பது வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். இப்போது கசியும் மூலை மட்டும்தான் இறங்கும். நான்கும் சில மில்லிமீட்டர் ஒரே அளவில் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். இரவுக் குளிரில் காற்று சுருங்குவது இயல்பு.

அடியில் போகும் முன்...

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானமே கூடாது. காற்றில் நிற்கும் வண்டி, எந்த நொடியும் எச்சரிக்கை இல்லாமல் இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தலையையோ கையையோ விடக் கூடாது.

வண்டியின் எடையைத் தாங்கக்கூடிய ஜாக் ஸ்டாண்டுகளை ஷாசிக்கு அடியில், கெட்டியான தரையில் வையுங்கள். செங்கல், மரக்கட்டை அடுக்குவது வேண்டாம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஃபியூஸ் கழற்றியே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொருவர் இருப்பது நல்லது.

இன்னொன்று, டயரில் இருப்பது 30-35 பிஎஸ்ஐ அழுத்தம். இந்த அமைப்பின் டாங்கில் அது 150-ஐயும் தாண்டும். காற்று இருக்கும்போதே குழாயைப் படக்கென்று பிடுங்கினால் கண்ணுக்கே ஆபத்து. கண்ணாடி அணியுங்கள்.

சோப்புத் தண்ணீர் எங்கே தெளிக்க வேண்டும்?

பஞ்சர் கடைக்காரர் செய்யும் அதே வேலைதான். ஷாம்பு கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் மூலையில், பைக்குள் காற்று இருக்கும்போதே மூன்று இடங்களில் தெளியுங்கள்:

ரப்பர் பையின் மடிப்பு: வெடிப்பு பெரும்பாலும் இங்கேதான் வரும். மடிப்பு வெளியே தெரியும்படி வண்டியை உயர்ந்த நிலையில் வைத்துப் பாருங்கள்.

பையில் குழாய் சேரும் இணைப்பு: இங்கே குமிழி வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சிறிய செலவில் முடியும்.

வால்வு பிளாக்கில் குழாய்கள் சேரும் இடம்: பையிலும் குழாயிலும் குமிழியே இல்லை, ஆனாலும் மூலை இறங்குகிறது என்றால், பிளாக்கின் உள்ளே வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

வீட்டில் எதைச் சரிசெய்யலாம்?

குழாய் இணைப்பு: எடை முழுவதும் ஸ்டாண்டில் இருக்கும்போது, இணைப்பைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, முகத்தை விலக்கி, 'உஸ்' சத்தம் முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு குழாயின் தேய்ந்த நுனியைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, புது இணைப்பைப் பொருத்துங்கள். சாய்வாக வெட்டினால் மறுபடியும் கசியும்.

ரிலே: கம்ப்ரசருக்கு மின்சாரம் தரும் ரிலே ஒட்டிக்கொண்டால், கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும். விலை குறைவு. கம்ப்ரசரில் கைவைக்கும்போதெல்லாம் இதையும் மாற்றிவிடுங்கள்.

கம்ப்ரசர்: ஓட்டையே இல்லை, ஆனால் வண்டி எழ ரொம்ப நேரமாகிறது, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது என்றால் கம்ப்ரசர் பலவீனம். சூடானால் அது தானாகவே நின்றுவிடும். பிஸ்டன் சீலையும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகளையும் மாற்றுவதற்கான கிட் கிடைக்கிறது. டெல்லி காஷ்மீரி கேட், பெங்களூரு ஜே.சி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் வாங்கினால் போலியைக் கவனியுங்கள். ஈரம் ஊறிய மணிகள் பொடியாகி வால்வு பிளாக்குக்குள் போய் அடைக்கும் என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை முடிந்ததும், காற்று நிரம்பாத பையின் மேல் முழு எடையையும் சட்டென்று இறக்காதீர்கள். ரப்பர் தவறாக மடிந்து கிழியும். ஃபியூஸைப் போட்டு, எல்லா உயரங்களுக்கும் ஏற்றி இறக்கி, மீண்டும் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அன்றிரவு அளவெடுக்கும் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.

எதைத் தொடக் கூடாது?

வெடித்த ரப்பர் பையைப் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டவே கூடாது. ஓடும்போது கிழிந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். பை மாற்ற சஸ்பென்ஷன் ஆர்ம்களைக் கழற்ற வேண்டும், போல்ட்களைச் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும், பிறகு வீல் அலைன்மென்ட்டும் தேவை. ஹைட் சென்சார் மாற்றினால் ஸ்கேனர் வைத்து உயரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இவை இரண்டும் தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. வாரன்டி இருக்கும் வண்டியில் நீங்களே எதையும் பிரிக்க வேண்டாம்.

"காற்றே வேண்டாம், சுருள் ஸ்பிரிங் போட்டுடலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். உயரம் மாற்றும் வசதி அதோடு போய்விடும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

ஓட்டை எந்த மூலையில் என்று கண்டுபிடித்துவிட்டு, வேலையை மெக்கானிக்கிடமே கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான். எழுதிவைத்த அளவுகளைக் காட்டி, "பின்பக்கம் இடது மூலை, ஒரே இரவில் இவ்வளவு இறங்குது" என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் கம்ப்ரசர் மாற்றும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.