பழைய வானொலியும் மின்சாரக் கிதாரும்

விஞ்ஞான உலகில் ஒன்று தோன்ற மற்றொன்று மறைதல் இயல்பு. 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்ஸிஸ்டர் என்னும் சிறு கருவி பிறந்தது. அது பரவப் பரவ, வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்துகொண்டிருந்த கண்ணாடி வால்வுகள் மெல்ல அகன்றன. எனினும் மின்சாரக் கிதார் வாசிப்போருட் பலர் இன்றளவும் வால்வைக் கைவிட்டிலர். அமெரிக்காவில் இவர்களுட் சிலர், பயனற்றுக் கிடக்கும் வானொலி, கிராமபோன், சினிமாப் படக்கருவி முதலியவற்றின் ஒலிப்பகுதியைக் கிதாருக்குரிய சிறு ஒலிபெருக்கியாக மாற்றி அமைத்துக்கொள்கின்றனர். அம்மாற்றத்தின் தத்துவத்தையும், அதனுள் மறைந்திருக்கும் அபாயத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வால்வை இவர்கள் விரும்புவது ஏன்? வால்வினுள் சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆனோடை நோக்கிப் பாய்கின்றன. இடையில் கிரிட் என்னும் கம்பிவலை, வாய்க்காலின் மடைபோல நின்று அப்பாய்ச்சலை அடக்கியாளுகின்றது. கிரிட்டில் உண்டாகும் சிறு மாறுதல் ஆனோடில் பெரிய மாறுதலாக வெளிப்படும். 1906-இல் லீ டி பாரஸ்ட் என்னும் அமெரிக்கர் இக்கிரிட்டைச் சேர்த்ததனாலேயே ஒலியைப் பெருக்குதல் கைகூடிற்று. அளவுக்கு மிஞ்சிய ஒலி வந்துறும்போது, எளிய டிரான்ஸிஸ்டர் பெருக்கி ஒலியலையின் முகட்டை வெட்டினாற்போல் ஒடித்துவிடும். வால்வோ அதனைப் பையப்பைய வளைத்து மழுக்கும். வானொலியிற் குற்றமாகக் கருதப்பெற்ற இத்திரிபு கிதாரிற் குணமாயிற்று.

வானொலிக்கும் கிதார்ப் பெருக்கிக்கும் உள்ள உறவு நெருங்கியது. கிதார்ப் பெருக்கிகளாற் புகழ்பெற்ற லியோ பெண்டர், கலிபோர்னியா மாகாணத்துப் புல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்தியவரே. 1950-களின் பிற்பகுதியில் அவர் நிறுவனம் விற்ற ‘சாம்ப்’ என்னும் சிறு பெருக்கியில் மூன்றே வால்வுகள் இருந்தன. முதற்பெருக்கத்திற்கு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்க 6வி6, மின்சாரத்தை ஒருதிசைப்படுத்த 5ஒய்3 என்பன அவை. அதன் ஆற்றல் ஏறக்குறைய 5 வாட்டு. 1940-களின் அமெரிக்க வானொலிகள் பலவற்றில் 6எஸ்க்யூ7, 6வி6 என்னும் வால்வுகள் இவ்வேலையையே செய்தன. ஆகவே, நிலையங்களைத் தேர்ந்தெடுக்கும் பகுதியை நீக்கி, மின்சார டிரான்ஸ்பார்மர், ஒலி வால்வுகள், வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றை நிறுத்திக்கொண்டால் மாற்றத்தின் பெரும்பகுதி முடிந்ததாம். கிதார்க் கம்பியின் குறியை 68,000 ஓம் தடையின் வழியே முதல் வால்வின் கிரிட்டுக்கு அனுப்பி, நுழைவாயிலினின்று சட்டத்துக்கு 10 லட்சம் ஓம் தடையொன்று சேர்த்தல் வழக்கம். படக்கருவியின் பெருக்கியாயின், அதன் ஒளிக்கலத்திற்கு மின்னழுத்தம் ஊட்டும் இணைப்பை முதலில் நீக்கவேண்டும்.

இனி அபாயத்தை ஆராய்வோம். அமெரிக்காவில் மலிவு விலையில் விற்ற ஐந்து வால்வு வானொலிகளில் மின்சார டிரான்ஸ்பார்மரே கிடையாது. வால்வுகளின் சூடேற்றும் கம்பிகளுக்கு வேண்டிய 12, 12, 12, 50, 35 வோல்ட்டுகளைத் தொடராகக் கூட்டினால் ஏறக்குறைய 120 வோல்ட்டு ஆகும். அதுவே அந்நாட்டு வீட்டு மின்சாரத்தின் அளவு. ஆதலின் டிரான்ஸ்பார்மரைச் செலவென நீக்கினர். அவற்றுட் பலவற்றில் வீட்டு மின்சாரக் கம்பிகளுள் ஒன்று நேரே இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும். மரப்பெட்டியும் காப்பிட்ட குமிழ்களும் மூடியிருக்கும்வரை கேட்போருக்குத் தீங்கில்லை. கிதாரிலோ, சட்டத்தோடு சேர்ந்த உறைக்கம்பி வாசிப்பவன் விரல்படும் நரம்புகள்வரை செல்கின்றது! செருகியைத் தலைகீழாகச் செருகினாலே போதும். நரம்பைத் தொட்ட கையோடு மறுகை மைக்ரோபோனைத் தொடுமாயின் உயிர் போதலும் கூடும். அத்தகைய பெட்டியை விலக்குதலே நன்று. இன்றேல் தகுதி வாய்ந்த தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை நிபுணர் கையால் அமைத்தல் வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் உடைய பெட்டியிலும் சில கடமைகள் உள. பழைய இருகம்பிக் கயிற்றை நீக்கி, மூன்றுகம்பிக் கயிறு இட்டுச் சட்டத்தைப் பூமியோடு இணைக்கவேண்டும், பியூஸ் வேண்டும், மின்சாரக் கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையே பழங்காலத்தில் வைத்த கண்டென்சரை அகற்றவேண்டும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேலும் இருத்தல் கூடும். செருகியைப் பிடுங்கிய பின்னும் அது கண்டென்சர்களில் தங்கும். தடையொன்றின் வழியே அதனை வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கைவைத்தல் தகும்.

மெழுகுத்தாள் கண்டென்சர்களையும், உலர்ந்துபோன எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களையும் தயங்காது மாற்றவேண்டும். முதல் வால்வுக்கும் இறுதி வால்வுக்கும் நடுவிலுள்ள கண்டென்சர் கசியுமானால், இறுதி வால்வின் கிரிட் தன் அடக்கும் ஆற்றலை இழக்கும். மின்சாரம் மிகுந்து வால்வும் டிரான்ஸ்பார்மரும் கெடும். முதன்முறை மின்சாரம் ஊட்டும்போது, இழையுள்ள மின்விளக்கொன்றைத் தொடராக இணைத்தல் நலம். விளக்குப் பிரகாசமாகவே நின்று எரிந்தால் உள்ளே பழுதுண்டு என அறியலாம். ஸ்பீக்கரை இணைக்காமல் பெருக்கியை இயக்குதலும் ஆகாது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் அதனாற் பழுதுபடும்.

பழம்பொருள் அனைத்தும் பிரித்தெடுக்கத் தக்கன அல்ல. அரிதாய், செம்மையாய் விளங்கும் பெட்டியை அவ்வாறே பேணுதல் அறிவுடைமை. பெட்டியிழந்து கிடக்கும் உறுப்புகளே இவ்வேலைக்கு உகந்தவை. கூர்ந்து நோக்கின், இத்தொழிலில் புதிதாகச் சேர்ப்பது சிறிது. எதனை நிறுத்துவது, எதனை நீக்குவது, எதனைத் தொடவே கூடாது என்று தெளிவதே பெரிது. இதனை முயல விரும்பும் மாணவர், தேர்ந்தவரொருவரை அருகில் வைத்துக்கொண்டு, இசைக்கு முன் உயிர் என்பதை உளங்கொண்டு தொடங்குவாராக.