சமையலறைக்குள் மின்சாரம்: சுவர் பூசுமுன் சிந்திக்க வேண்டியவை



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் பலர், பல ஆண்டுகள் வாடகை வீட்டில் காலம் கழித்தபின், சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிச் சமையலறையைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முற்படுகின்றனர். அலமாரியோடு அலமாரியாய் அடங்கும் ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், அடுப்பின்மேல் சிம்னி, இவற்றோடு நாம் எந்த ஊருக்குச் சென்றாலும் உடன் எடுத்துச் செல்லும் கிரைண்டர் என யாவும் அங்கே இடம்பெறுகின்றன. ஆயினும், தச்சர் அலமாரியை முடித்துவிட்டுச் சென்ற பிறகே, "பிளக் பாயிண்ட் எங்கே?" என்னும் வினா எழுகின்றது. அதற்குள் சுவரில் டைல்ஸும் ஒட்டியாகிவிடுகின்றது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தவிர வேறு வழியில்லாமற் போகின்றது. ஈரமும் வெப்பமும் நிறைந்த சமையலறையில் அதைவிட ஆபத்தான துணை வேறில்லை.

ஆகவே, முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஒரு சாதனத்தின்மேல் குறித்துள்ள வாட் அளவை 230ஆல் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 3 ஆம்பியருக்குச் சற்று மேல். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 3,000 வாட் ஓவனுக்கு 13 ஆம்பியர். சுவரில் நாம் காணும் பாயிண்ட்கள் இரு வகையின: சிறியது 6 ஆம்பியருக்கு உரியது, பவர் பாயிண்ட் எனப்படும் பெரியது 16 ஆம்பியருக்கு உரியது. பழைய வீடுகளில் இவை 5, 15 என்று குறிக்கப்பட்டிருக்கும். எனவே மிக்ஸிக்குச் சிறியது போதும். ஓவனுக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பெரியதே வேண்டும்.

இரண்டு பெரிய சாதனங்களை ஒரே கம்பிவழியில் இணைத்தால் என்ன? இண்டக்‌ஷன் அடுப்பும் 2,000 வாட் கீசரும் ஒருங்கே இயங்கினால் மொத்தம் 17.4 ஆம்பியர் ஆகின்றது. 16இன் எல்லை கடந்துவிடுகின்றது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். சுவருக்குள் புதைந்த கம்பி சூடேறுவது நம் கண்ணுக்குப் புலப்படாது. மேலுறை கருகிய பின்னரே நாற்றம் வரும். ஆதலால் ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், கீசர் ஒவ்வொன்றுக்கும் பலகையிலிருந்து தனி வழியும், அதற்கெனத் தனி எம்.சி.பி.யும் அமைதல் வேண்டும். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், பவர் பாயிண்டுக்கு 2.5உம், கீசர், ஏ.சி. போன்றவற்றுக்கு 4உம் இடுவது வழக்கம். இவற்றையெல்லாம் சேர்த்த பின், மின் வாரியமோ நிறுவனமோ நம் வீட்டுக்கு அனுமதித்துள்ள சுமை போதுமா என்பதையும் பார்த்து, போதாதெனில் உயர்த்திக்கொள்ள விண்ணப்பித்தல் நன்று.

இனி, பாயிண்ட் அமையும் இடம். அலமாரிக்குள் அடங்கும் ஓவனின் நேர் பின்னே பாயிண்ட் வைக்கலாகாது. பிளக் தடுத்து ஓவன் உள்ளே முழுமையாகச் செல்லாது. வெப்பமும் பிளக்கைத் தாக்கும். அவசரத்தில் இணைப்பைத் துண்டிக்கக் கையும் எட்டாது. பக்கத்து அலமாரிக்குள் அதை அமைத்து, ஸ்விட்சை மேடைக்கு மேலே, கைக்கு எட்டுமாறு வைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் இதுவே முறை. நீர்க்குழாயின் இணைப்புக்கு நேர் கீழே மட்டும் பாயிண்ட் வரலாகாது. சிம்னியின் பாயிண்ட் அடுப்புக்கு நேர் மேலே ஆவி படும் இடத்தில் இன்றி, ஒருபுறம் உயரத்தில் இருத்தல் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகையால் சிலிண்டர் இருக்கும் அறையின் அடியில் ஸ்விட்சும் பாயிண்டும் கூடா. கிரைண்டருக்கு உரிய பாயிண்ட், தொட்டியிலிருந்து விலகி, மேடைக்கு ஒரு சாண் மேலே அமையட்டும். மாவு வழித்த ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடும் பழக்கம் நம் இல்லங்களில் உண்டு என்பதை மறக்கலாகாது.

இவை யாவற்றினும் முதன்மையானது எர்த். பாயிண்டில் காணும் மூன்றாவது பெரிய துளை அதற்கு உரியது. கிரைண்டரின் உலோக உடலிலோ கீசரின் தொட்டியிலோ மின்சாரம் கசிந்தால், அது நம் உடல் வழியே செல்லாமல் எர்த் கம்பி வழியே மண்ணுக்குச் செல்கின்றது. வடநாட்டு நகரங்கள் பலவற்றில் நீரில் உப்பு மிகுதி. குளிர்காலம் முழுதும் இயங்கும் கீசரின் சுருளில் உப்புப் படிந்து, நாளடைவில் அது பழுதுற்று மின்சாரம் நீரிலே கசிவதுண்டு. பழைய வீடுகளில் மூன்று துளை இருந்தும், பின்புறம் எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருத்தல் கூடும். சிலர் நியூட்ரல் கம்பியையே எர்த்துளையோடு சேர்த்துவிடுகின்றனர். நியூட்ரல் எங்கேனும் அறுந்துபோனால், சாதனத்தின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். உயிரைப் பறிக்கும் தவறு இது.

எம்.சி.பி. கம்பியைக் காக்குமேயன்றி மனிதரைக் காக்காது. 16 ஆம்பியர் கடந்தாலன்றி அது விழாது. மனித உயிருக்கோ ஆம்பியரின் மிகச் சிறு பகுதியே ஆபத்து. ஆகவே 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பலகையில் பொருத்துவது இன்றியமையாதது. செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடையறாது ஒப்பிட்டுப் பார்க்கின்றது. வேறுபாடு தோன்றியதும் நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டிக்கின்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். எனினும், ஒருவர் இரு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் அதனாலும் காக்க இயலாது.

வாடகை வீட்டில் இருப்போருக்கு ஒரு சொல். சுவரை உடைக்க உரிமை இல்லாவிடினும், எர்த் உள்ளதா என அறியும் உரிமை உண்டு. குடிபுகுமுன், மாநில அரசின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துக் கருவியால் அளந்து காட்டச் செய்யுங்கள். அவர் மொழி நமக்குத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஃபேஸ், நியூட்ரல், எர்த்திங் என்னும் மூன்று சொற்களும் நாடு முழுவதும் எந்த மின்பணியாளருக்கும் விளங்கும். பணி முடிந்ததும், சுவர் பூசுமுன், கம்பிகள் செல்லும் வழியைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் படம் மாட்ட ஆணி அடிக்கையில் அது உதவும்.

ஊரிலிருந்து வந்த கிரைண்டர் புதிய வீட்டில் சுழல்வது மகிழ்ச்சிக்குரியதே. அதைச் சுழற்றும் கரங்களும் நலமாய் இருத்தல் வேண்டுமல்லவா?