ஒரே காசுக்கு ஊருக்கொரு விலை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

சென்ற கோடை விடுமுறையில் சித்தி வீட்டிற்குச் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் சித்தி மகன், சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கைப்பேசியும் கையுமாகவே இருந்தான். ஒருநாள் மாலை மெல்ல என் அருகில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, இந்தக் காசு நம்ம ஊர்ல எண்ணூறு ரூபா. இதே காசு துருக்கியில முந்நூறுதானாம்! ஒரு அண்ணன் வாங்கித் தர்றேன்னு சொல்றாரு. முந்நூறு தர்றியா?”

அவன் கேட்டது விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு. அந்த விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். ஆங்கில அகராதி வாங்குவதற்காக உண்டியலில் நான் சேர்த்து வைத்திருந்தது சரியாக முந்நூற்று இருபது ரூபாய். தம்பி முகத்தைப் பார்த்தால் ‘இல்லை’ என்று சொல்ல மனம் வரவில்லை, கொடுத்துவிட்டேன். பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அன்றிரவு ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கையால் தொட முடியாத ஒரே காசு, துருக்கியில் ஒரு விலைக்கும் இந்தியாவில் வேறொரு விலைக்கும் விற்பது எப்படி?

இணைய விளையாட்டுகளை அறியாத தாய்மார்களுக்காகவும் அருட்சகோதரிகளுக்காகவும் முதலில் ஒரு சிறு விளக்கம். இவ்விளையாட்டுகள் பலவற்றை இலவசமாகவே ஆடலாம். ஆனால் வீரனுக்குப் புதுச் சட்டையோ அழகான துப்பாக்கியோ வேண்டுமென்றால், விளையாட்டுக்குரிய தனிக் காசைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதை மெய்நிகர் நாணயம் என்பார்கள். ஒரு விளையாட்டில் அதற்கு வைரம் என்று பெயர், வேறொன்றில் தங்கம், ‘ஃபோர்ட்நைட்’ என்ற விளையாட்டில் ‘வி-பக்ஸ்’. நம் ரூபாயைக் கொடுத்து அந்தக் காசை வாங்கலாம். அதைத் திரும்பக் கொடுத்து ரூபாய் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. திருவிழாக் கடையில் ராட்டினத்துக்கு வாங்கிய சீட்டைப் போலத்தான். அதைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் நீட்ட முடியுமா?

இப்போது தக்காளிக்கு வருவோம். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி மலிவாகவும் சென்னையில் விலை அதிகமாகவும் இருந்தால் என்ன நடக்கும்? வியாபாரி லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவார். சரக்கு வந்து இறங்க இறங்கச் சென்னையில் விலை இறங்கும். ஒட்டன்சத்திரத்தில் கொஞ்சம் ஏறும். லாரி வாடகையும் அழுகல் நட்டமும் போக இரண்டு ஊர் விலையும் நெருங்கி வந்துவிடும். ஒரு பொருளுக்கு ஒரு விலை என்று பொருளியலில் படிப்பது இதைத்தான். அப்படியானால் எடையும் இல்லாத, அழுகவும் செய்யாத விளையாட்டுக் காசு உலகம் முழுவதும் ஒரே விலைக்கு அல்லவா விற்க வேண்டும்?

விற்பதில்லை. காரணம், இந்தக் காசுக்கு லாரி கிடையாது. துருக்கிச் சிறுவன் வாங்கிய காசு அவனுடைய கணக்கிலேயே கிடக்கும். அதை எடுத்து எனக்கு விற்க, பெரும்பாலான விளையாட்டுகள் அவனை அனுமதிப்பதில்லை. நாட்டுக்கு நாடு ஒரு சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. சுவர் நிற்கும் வரைதான் சுவரின் இரு பக்கமும் இரண்டு விலை சொல்ல முடியும்.

சரி, கம்பெனிக்காரர் ஏன் இரண்டு விலை சொல்ல வேண்டும்? தக்காளியை விளைவிக்க விதை, உரம், தண்ணீர், கூலி என்று செலவு உண்டு. அந்தச் செலவுக்குக் கீழே விற்றால் விவசாயிக்கு நட்டம். விளையாட்டை உருவாக்கக் கம்பெனிக்குப் பெருஞ்செலவு ஆகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு ஆயிரம் காசைக் கூடுதலாக ‘அச்சடிக்க’ ஒரு செலவும் இல்லை. கணினியில் ஓர் எண் மாறுகிறது, அவ்வளவே. ஆகவே துருக்கியில் முந்நூறு ரூபாய்க்கு விற்றாலும் அது கம்பெனிக்கு ஏறக்குறைய முழு வரவுதான். எண்ணூறு ரூபாய் என்று பிடிவாதம் பிடித்தால் அங்குள்ள பிள்ளைகள் வாங்கவே மாட்டார்கள். அந்தந்த நாட்டு மக்களின் பை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு கேட்பதே கம்பெனிக்கு இலாபம்.

இது புதிய தந்திரம் அல்ல. ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர், ஒரே சரக்கை ஆளுக்கேற்ற விலையில் விற்பதை மூன்று வகையாகப் பிரித்து 1920இலேயே எழுதிவிட்டார். வாங்குவோரைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு விலை வைப்பது அதில் மூன்றாம் வகை. நம் பேருந்தில் சிறுவர்களுக்கு அரை டிக்கெட் கொடுக்கிறார்களே, அதுவும் இந்த இனந்தான். பேருந்துக்கு டீசல் ஒன்றுதான். பயணச் சீட்டு மட்டும் இரண்டு விலை. வளர்ந்த பிள்ளை முழங்காலை மடக்கிக் குள்ளமாக நின்று அரை டிக்கெட் கேட்பதும், நடத்துநர் மேலும் கீழும் பார்ப்பதும் நாம் அறிந்த காட்சியே. இந்தக் காட்சியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

எல்லா வித்தியாசமும் கம்பெனியின் கணக்கால் வருவதன்று. வரியும் ஒரு காரணம். ஐரோப்பிய நாடுகளில் கடையில் காட்டும் விலைக்குள்ளேயே வரியும் அடங்கிவிடும்; ஹங்கேரியில் அந்த வரி 27 சதவீதம். அமெரிக்காவிலோ வரியை வழக்கமாகக் கடைசியில் தனியாகச் சேர்ப்பார்கள். இதைப் பாராமல் இரண்டு விலைகளையும் ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும்.

இன்னொரு காரணம் நாணய மாற்று விகிதம். இதற்கு ஜப்பானை எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையில், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மிகச் சிறிய விலைப்படி 120 யென். அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 115 யென். ஆகவே 120 யென் என்பது 1 டாலர் 4 சென்ட். ஆண்டு நகர நகர யென்னின் மதிப்பு சரிந்து, அக்டோபரில் ஒரு டாலருக்குச் சுமார் 145 யென் ஆயிற்று. கடையில் எழுதியிருந்த விலை மாறவில்லை. ஆனால் அதே 120 யென் இப்போது 83 சென்ட்தான். யாரும் தள்ளுபடி அறிவிக்காமலேயே ஜப்பானில் விளையாட்டுக் காசு டாலர் கணக்கில் மலிவாகிவிட்டது! 2022 அக்டோபர் 5ஆம் நாள் அந்நிறுவனம் 120 யென்னை 160 ஆக உயர்த்தியது. ஐரோப்பாவில் 99 சென்ட் என்றிருந்ததும் அன்றே 1 யூரோ 19 சென்ட் ஆயிற்று. சம்பளம் யென்னில் வாங்கும் ஜப்பானியத் தந்தைக்கு இது தள்ளுபடி முடிந்ததாகவா தோன்றியிருக்கும்? விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்றுதானே தோன்றியிருக்கும்.

அமெரிக்காவிலேயே கூட 2023 அக்டோபரில் 1000 வி-பக்ஸின் விலை 7 டாலர் 99 சென்ட்டிலிருந்து 8 டாலர் 99 சென்ட் ஆயிற்று. பணவீக்கத்தைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். சோறு உண்ணாத காசுக்கு ஏது பணவீக்கம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதை உருவாக்குபவர்கள் சோறு உண்கிறார்கள் என்று அப்பா திருத்தினார்.

இனி, சுவரைப் பற்றி. ‘ஸ்டீம்’ என்பது வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் பெரிய இணையக் கடை. அங்கே கணினி விளையாட்டுகளும் வாங்கலாம்; பல விளையாட்டுகளுக்குள் செலவழிக்கும் காசும் வாங்கலாம். துருக்கியர் லீராவிலும் அர்ஜென்டினா நாட்டவர் பெசோவிலும் விலை செலுத்தி வந்தார்கள். அந்த இரு நாடுகளின் நாணயங்களும் அந்த ஆண்டுகளில் பட்ட பாடு கொஞ்சமன்று. துருக்கியில் 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. அர்ஜென்டினாவில் 2023ஆம் ஆண்டு முடிவில் 200 சதவீதத்தையும் தாண்டிற்று. லீராவும் பெசோவும் விழ விழ, அங்கு எழுதியிருந்த விலைகள் டாலர் கணக்கில் உலகிலேயே மிக மலிவானவை ஆயின.

பிறகென்ன? மற்ற நாட்டவர் பலர் முழங்காலை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்! இருப்பிடத்தை மறைத்துக் காட்டும் செயலிகளைப் பயன்படுத்தி, ‘நான் அர்ஜென்டினாவில் வசிக்கிறேன்’ என்று பதிவு செய்துகொண்டார்கள். இதற்கென்றே இடைத்தரகர்களும் முளைத்தார்கள். 2021இல் கடை ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: மூன்று மாதங்களுக்கு ஒரு முறைக்கு மேல் நாட்டை மாற்றிக்கொள்ள முடியாது. அப்படியும் கூட்டம் ஓயவில்லை. கடைசியில் 2023 நவம்பர் 20ஆம் நாள் லீராவும் பெசோவும் அக்கடையிலிருந்து எடுக்கப்பட்டன. அன்று முதல் இரு நாட்டாரும் டாலரில்தான் செலுத்த வேண்டும் என்றாயிற்று. அக்கம்பக்கத்து நாடுகளுடன் சேர்த்து அவர்களுக்கென்று குறைந்த டாலர் விலை வைக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் அப்படி விலை குறிக்காத விளையாட்டுகளுக்கு அமெரிக்க விலையே விழுந்தது. பல விளையாட்டுகள் ஒரே நாளில் பல மடங்கு விலை ஏறின.

நாணய மதிப்பின் நிலையற்ற தன்மையே காரணம் என்று நிறுவனம் கூறியது. அது உண்மையாகவே இருக்கலாம். எனினும், அரை டிக்கெட்டில் ஏறிய பெரியவர்களுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கோ உட்கார்ந்து ‘நான் அர்ஜென்டினாக்காரன்’ என்றவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை; பழைய விலைக்கே தன் சொந்த நாட்டில் வாங்கிக்கொள்வான். புவனோஸ் ஐரிஸில் உண்மையாகவே வசிக்கும் மாணவன்தான் பெசோவை எண்ணி எண்ணி டாலர் வாங்க வேண்டியவன் ஆனான்.

சுவரே அநியாயம் என்று ஒருவர் கேட்டால் அதற்கும் நியாயம் இருக்கிறது. போலந்து, செக் குடியரசு, ஹங்கேரி முதலிய நாடுகளில் மலிவாக வாங்கிய சில விளையாட்டுகள் மேற்கு ஐரோப்பாவில் திறக்காதபடி பூட்டப்பட்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே சந்தை. அதற்குள் சுவர் எழுப்புவது குற்றம் என்று கூறி, ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில் வால்வுக்கும் வேறு ஐந்து வெளியீட்டு நிறுவனங்களுக்குமாக 78 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. அங்கே சுவர் எழுப்பியது குற்றமாயிற்று. நமக்கோ சுவர் ஏறிக் குதிப்பது விதிமீறல். மலிவு விலை போலந்துக்காரருக்கு உதவியாக இருந்ததா, அவரைக் கட்டிப்போட்டதா? எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். “நீயே யோசித்து எழுது” என்று சொல்லிவிட்டார்கள். சுவரை இடித்தால் மேற்கில் விலை இறங்குவதற்குப் பதிலாகக் கிழக்கில் ஏறிவிடுமோ என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சுவருக்குள் காசு தானாகவே விலை தேடிக்கொள்வதும் உண்டு. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டில் தங்கம்தான் நாணயம். ஓர் உலகப் பிரதேசத்தின் தங்கம் இன்னொரு பிரதேசத்துக்குப் போகாது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் அமெரிக்கப் பிரதேசத்தில் ‘டோக்கன்’ என்று ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். 20 டாலர் கொடுத்து ஒருவர் டோக்கனை வாங்கி, விளையாட்டுச் சந்தையில் தங்கத்துக்கு விற்கலாம். அதைத் தங்கம் கொடுத்து வாங்குபவருக்கு 30 நாள் ஆடும் உரிமை கிடைக்கும். தொடக்க விலை 30,000 தங்கம். இரண்டு வாரம் கழித்து ஐரோப்பாவில் தொடங்கியபோது 20 யூரோவுக்கு 35,000 தங்கம். அதன் பிறகு கம்பெனி விலை குறிக்கவில்லை. வாங்குவோரும் விற்போரும் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஏறி இறங்க விட்டுவிட்டது. எங்கே தங்கம் மிகுதியோ அங்கே டோக்கன் விலை ஏறும். ஒட்டன்சத்திரமும் சென்னையும்தான், நடுவில் சாலை மட்டும் இல்லை!

இனி என் முந்நூறு ரூபாய். துருக்கிக் கணக்கு வழியாக வாங்கித் தருவதாகச் சொன்ன ‘அண்ணன்’, தம்பியின் கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் காசு வந்தது. தம்பி எங்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி மகிழ்ந்தான். நான்காம் நாள், விதிமீறல் என்று காரணம் கூறிக் கணக்கு முடக்கப்பட்டது. காசு மட்டுமல்ல, இரண்டு ஆண்டுகளாக அவன் ஆடிச் சேர்த்த அனைத்தும் போயிற்று. அந்த ‘அண்ணன்’ கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டார். தம்பி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சித்தி கேட்டபோது நான்தான் உண்மையைச் சொன்னேன். பணம் கொடுத்தவளும் நான்தானே. திட்டு இருவருக்கும் சமமாகக் கிடைத்தது. அதில் மட்டும் விலை வித்தியாசம் இல்லை.

இப்போது வேறு பெயரில் முதல் கட்டத்திலிருந்து ஆடுகிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும். என் கடனை வாரம் பத்து ரூபாயாகத் தருவதாக ஏற்பாடு. இதுவரை எழுபது ரூபாய் வந்திருக்கிறது.