வாசனைத் திரவியமும் அபாயகரமான பொருளே!
சரக்கு ஏற்றுமுன் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஆவணங்கள்

"அபாயகரமான பொருட்கள்" என்றதும் வெடிமருந்தும் அமிலமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் பல வருடங்களாக நினைத்திருந்தேன். ஆனால் பெர்பியூம், பெயின்ட், தின்னர், நெயில் பொலிஷ், ஸ்பிரே டின், கையடக்கத் தொலைபேசி பெட்டரி போன்ற நமது அன்றாடச் சரக்குகள் பலவும் சர்வதேசப் போக்குவரத்து விதிகளின்படி அபாயகரமான பொருட்களே. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் டுபாயிலிருந்து சால்வைகள், கைப்பைகளுடன் நாற்பது பெட்டி பெர்பியூமும் எடுத்தேன். அங்கு தொழில் செய்யும் நம் நாட்டுச் சரக்கு முகவர் ஒருவர், "டேஞ்சரஸ் கார்கோ என்று போட்டால் கூலி கூடும் நானா, கொஸ்மெடிக்ஸ் என்று போடுவோம்" என்றார். நானும் சம்மதித்தேன். கப்பலில் ஏற்றுமுன் நடந்த சோதனையில் விடயம் வெளியானது. பெர்பியூம் மட்டுமன்றி முழுச் சரக்கும் நிறுத்தப்பட்டது. பெருநாள் வியாபாரத்துக்கென எடுத்த சால்வைகள் பெருநாள் முடிந்த பின்னரே வந்து சேர்ந்தன. அபராதம், களஞ்சியக் கூலி, மீண்டும் பொதி செய்த செலவு எல்லாம் சேர்ந்து, மிச்சம் பிடிக்க நினைத்த தொகையைப் பல மடங்கு தாண்டிவிட்டன.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி எரிந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. ஏறத்தாழ 1,486 கொள்கலன்களுடன் வந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிந்த கொள்கலனை இறக்க முந்தைய துறைமுகங்களில் இடம் கிடைக்கவில்லை. ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. நமது மீனவர்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே.

ஒரு கொள்கலனை கப்பலில் எங்கே வைப்பது, எதற்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் எதைக் கொண்டு அணைப்பது என்பதெல்லாம் அதன் ஆவணத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. கல்சியம் கார்பைட் போன்ற சில பொருட்களில் தண்ணீர் பட்டால் எரியும் வாயு வெளிவரும். ஆவணத்தில் பொய் இருந்தால், தீயணைக்கப் போகிறவர் அறியாமலேயே ஆபத்தில் மாட்டிக்கொள்வார்.

இனி, கடல்வழிச் சரக்குக்குத் தேவையான ஆவணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத் தாள். இதில் 16 பகுதிகள் உண்டு. நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை 9ஆம், 14ஆம் பகுதிகள். திரவத்தின் ஆவி எந்த வெப்பநிலையில் தீப்பற்றும் என்ற விபரம் 9இலும், போக்குவரத்துக்குரிய வகைப்படுத்தல் 14இலும் இருக்கும். தீப்பற்றும் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், பொதுவாக அது எரியும் திரவம்; அதாவது 3ஆம் வகுப்பு. மதுசாரம் கலந்த பெர்பியூம் இதில் அடங்கும். மதுசாரம் இல்லாத எண்ணெய் அத்தர் சில வேளை அடங்காது. ஆகவே "எல்லாம் அத்தர்தானே" என்று ஒன்றாக எழுதாமல், ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே தாள் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, அபாயகரப் பொருள் பிரகடனம். இதில் ஐ.நா. இலக்கம், சரியான கப்பல் பெயர், வகுப்பு, பொதித் தொகுதி ஆகிய நான்கும் இதே ஒழுங்கில் வர வேண்டும். பெர்பியூமின் இலக்கம் 1266, பெயின்ட் 1263. வியாபாரப் பெயரை மட்டும் எழுதினால் செல்லாது. பெட்டிகளின் எண்ணிக்கை, வகை, மொத்த அளவு, தீப்பற்றும் வெப்பநிலை ஆகியவற்றையும் குறிப்பிட்டு, ஏற்றுமதியாளர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். இதன் பிரதியைக் குறைந்தது மூன்று மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.

மூன்றாவது, கொள்கலனில் சரக்கு அடுக்கியவர் வழங்கும் பொதியிடல் சான்றிதழ். பெட்டிகள் பழுதின்றி, முறைப்படி அடுக்கப்பட்டு, அடையாளமிடப்பட்டுள்ளன என்பதற்கான உறுதி அது.

சிறிய போத்தல்களுக்கு ஒரு சலுகை உண்டு. பெர்பியூமைப் பொறுத்தவரை ஒரு போத்தல் 5 லீற்றருக்கும், ஒரு பெட்டி மொத்தமாக 30 கிலோவுக்கும் மேற்படாவிட்டால் 'மட்டுப்படுத்திய அளவு' என்ற முறையில் அனுப்பலாம். ஐ.நா. அங்கீகாரம் பெற்ற பெட்டி தேவையில்லை. ஆனால் கடல்வழியில் பிரகடனம் கட்டாயம் வேண்டும். சலுகை என்றால் கடதாசியே தேவையில்லை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

விமானச் சரக்கில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். தனியாகப் பொதி செய்த லித்தியம் அயன் பெட்டரிகளை (ஐ.நா. இலக்கம் 3480) பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சரக்கு விமானத்தில் அனுப்புவதாயினும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. பெட்டரியின் பரிசோதனைச் சுருக்கத்தையும் உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தர முடியாதவரின் பெட்டரியை மலிவு என்பதற்காக எடுப்பது புத்திசாலித்தனமல்ல.

பிரகடனத்தில் கையொப்பமிடுபவர் ஏற்றுமதியாளர்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. சரக்கு நின்றால் நஷ்டம் நம் கடைக்குத்தான். காப்புறுதியும் முழு நேர்மையை அடிப்படையாகக் கொண்டது. சரக்கின் தன்மையை மறைத்திருந்தால், நட்டஈட்டை மறுக்க காப்புறுதிக் கம்பனிக்கு வழி கிடைத்துவிடும்.

இப்போதெல்லாம் நான் விலை பேசுவதற்கு முன்பே தரவுத் தாளைக் கேட்கிறேன். மேலதிகக் கூலியைச் சேர்த்தே அடக்க விலையைக் கணக்கிடுகிறேன். பெர்பியூமையும் மற்றச் சரக்கையும் ஒரே கொள்கலனில் கலப்பதில்லை. போத்தலுக்குச் சில ரூபாய் கூடுகிறதுதான். ஆனாலும் சரக்கு பெருநாளைக்கு முன்பே கடைக்கு வந்துவிடுகிறது.