சளி, இருமல் சரக்குகள்: வாங்கும்போதும் விற்கும்போதும் கவனிக்க வேண்டியவை

ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி முடியும் வரை மளிகைக் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை ஆகியவற்றின் விற்பனை மற்ற மாதங்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். மருத்துவரிடம் போகும் முன் பலர் முதலில் வருவது நம் கடைக்குத்தான். "இருமலுக்கு எது நல்லது?" என்று நம்மையே கேட்பவர்களும் உண்டு. எனவே இந்தச் சரக்குகளின் குணம் என்ன, எதில் கலப்படம் வருகிறது, எதைச் சொல்லி விற்கலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம்.

சுக்கு, மிளகு, திப்பிலி

இம்மூன்றும் சேர்ந்ததே திரிகடுகம். இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதன் காரப்பொருள் மாறுதல் அடைந்து உறைப்பு கூடுகிறது. மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தருவது பைப்பரின் என்ற ஒரே பொருள்தான். இந்தக் காரம் உமிழ்நீரைப் பெருக்கித் தொண்டைக்கு இதம் தரும்; கெட்டிப்பட்ட சளி இளகவும் உதவும். சாதாரண சளிக்கு இவை கைகண்ட வீட்டு வைத்தியம் என்பதில் ஐயமில்லை.

சுக்கு வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். நல்ல சரக்கு கனமாகவும் நார் குறைவாகவும் மணத்தோடும் இருக்கும். வண்டு விழுந்த சுக்கில் சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் காணப்படும். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பு பூசியதாக இருக்கலாம். வெண்மையைத் தரம் என்று எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

மிளகில் பழைய கலப்படம் பப்பாளி விதை. ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும் என்பதால் மிதப்பதை எடுத்து நசுக்கி, மணமும் காரமும் உண்டா என்று பார்க்க வேண்டும். பளபளப்புக்காகக் கனிம எண்ணெய் பூசுவது இன்னொரு மோசடி. 2012 டிசம்பரில் கொச்சிப் பகுதிக் கிடங்குகளில் இருந்த பல ஆயிரம் டன் மிளகுக்கு, கனிம எண்ணெய் கலந்திருந்த காரணத்தால், கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சீல் வைத்தது வணிகர்கள் பலருக்கு நினைவிருக்கும். கையில் தேய்த்தால் பிசுபிசுத்து மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் மிளகை மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவதே சரி.

திப்பிலியில் பெயர்க் குழப்பம் அதிகம். திப்பிலி என்பது காய்க்கதிர். கண்டந்திப்பிலி அதே கொடியின் வேரும் தண்டும். யானைத் திப்பிலி வேறொரு கொடியின் காய். வாடிக்கையாளர் வைத்தியர் எழுதிய சீட்டோடு வந்தால், கேட்டது எது என்று தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே நிறுக்க வேண்டும்.

அதிமதுரம், சித்தரத்தை

அதிமதுரம் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வரும் வேர். உட்புறம் மஞ்சளாக, நாரோடு, கடித்தவுடன் இனிக்க வேண்டும். குன்றிமணிக் கொடியின் வேரை அதிமதுரத்தோடு கலப்பது நெடுநாளாக உள்ள வழக்கம். வரட்டு இருமலுக்கு அதிமதுரம் இதமானதுதான். ஆனால் தொடர்ந்து பல நாள் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடலில் பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. சித்தரத்தையும் பேரரத்தையும் வெவ்வேறு சரக்குகள். ஒரே டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

ஆடாதோடை

இதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டே 1960களில் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து உருவானது. இன்றும் மருந்துக் கடை இருமல் டானிக்குகள் பலவற்றில் அது இருக்கிறது. நம் முன்னோர் கண்டறிந்த இலைக்கு உள்ள வீரியத்திற்கு இதுவே சான்று. வீரியம் உள்ள பொருளுக்கு எச்சரிக்கையும் தேவை. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது. கர்ப்பிணிகளுக்கு என்று தெரிந்தால் கொடுக்காதீர்கள்.

தாளிசபத்திரி

இது இமயமலையில் வளரும் ஊசியிலை மரத்தின் இலை. இதே பெயரில் டாக்சஸ் என்ற மரத்தின் இலையும் சந்தைக்கு வருவதுண்டு. அது இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். நம்பகமான மொத்த வியாபாரியிடம், பில்லோடு மட்டுமே இதை வாங்க வேண்டும். தெருவில் கூவி மலிவாகத் தருபவரிடம் வாங்கவே கூடாது.

தேனும் கற்பூரமும்

இருமலுக்குத் தேன் நல்லது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு பச்சைக் குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பூசைக் கற்பூரத்தைச் சளிக்கென்று குழந்தையின் மூக்கில் வைப்பதும் உள்ளுக்குக் கொடுப்பதும் ஆபத்து. சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம்.

சட்டம் சொல்வது

சரக்கைச் சரக்காக விற்பதற்கும் மருந்தாக விற்பதற்கும் வேறுபாடு உண்டு. 2020இல் கொரோனா பரவியபோது தமிழக அரசு மக்களுக்கு வழங்கிய கபசுரக் குடிநீர், 15 சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. இப்படிப்பட்ட மருந்தைக் கடையிலேயே இடித்துப் பொட்டலம் கட்டி, பெயர் எழுதி விற்க முடியாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி சித்த மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பாக்கெட்டை வாங்கி விற்கலாம். அதிலும் உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

"காசநோய் குணமாகும்", "நிமோனியா தீரும்" என்று பலகை எழுதுவது 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். இவ்விரு நோய்களும் அச்சட்டத்தின் பட்டியலிலேயே உள்ளன. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன்படி, சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட இயலாத விற்பனையாளரே பொறுப்பேற்க வேண்டும். எனவே கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துவது நமக்கே பாதுகாப்பு.

எப்போது சரக்கு போதாது

இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல் ஆகியவை காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். சுக்கும் திப்பிலியும் இந்நோயைத் தீர்க்கா. கஷாயம் குடித்துக் காலம் கடத்தினால் நோய் முற்றுவதோடு வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இதை வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளருக்கும் சொல்லுங்கள். தூசியால் வந்த இருமல் என்று அவர்கள் அலட்சியமாக இருந்துவிடுவதுண்டு.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துபவரிடம், அதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. மூச்சு வாங்கும் குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்ல வேண்டும்.

ஒரே வாடிக்கையாளர் மூன்றாவது வாரமும் இருமல் சரக்கு கேட்டு வந்தால், நிறுத்துக் கொடுக்கும் முன் "எத்தனை நாளாக இருமல்?" என்று கேளுங்கள். ஐம்பது ரூபாய் வியாபாரம் போனாலும் பரவாயில்லை. உரிய நேரத்தில் நல்ல வார்த்தை சொன்ன கடைக்காரரை அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் மறக்காது.